கேட்காமல் எழுதிய வரி

ஜனவரி 8, வியாழன்

புறநோயாளிகள் முப்பத்தொரு பேர். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தது என் பேராசை. மூன்றரை ஆயிற்று.

இந்தக் குளிர்காலத்து வைரஸ் எங்கள் மாடிக்கும் ஏறி வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஒரு வாரக் காய்ச்சல், இருமல், அவ்வளவுதான். என் நோயாளிகளுக்கு அப்படியில்லை. மருந்தில் வெள்ளை அணுக்கள் வற்றிக் கிடக்கிற உடம்பில் அது நேராக நுரையீரலுக்கு இறங்கிவிடுகிறது. புற்றுநோய் வார்டில் எட்டு அறைகளைத் தனியாகப் பிரித்து, நடுவில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் திரை போட்டுவிட்டார்கள். உள்ளே போக அங்கி, முகக்கவசம், கண்ணாடி. வெளியே வந்தால் காதுக்குப் பின்னால் எரிகிறது.

எங்கள் தலைமை டாக்டர், சீஃப், இரண்டு பக்கச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். ஐ.சி.யூ.வில் இருப்பது பதினான்கு படுக்கை. யாரை அங்கே அனுப்பலாம், யாரை வேண்டாம் என்று ஒரு வரிசை. எங்களுக்கு ஒரே வரி: 'பரவிய புற்றுநோய் உள்ளவர்கள் - வார்டிலேயே சிகிச்சை.' நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

வீட்டில் என் கணவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். "இருபது வருஷத்துல, சண்டை போடாமலே வெளிய படுக்க வெச்சது இதுதான் முதல் தடவை" என்றார்.

ஜனவரி 10, சனி

ஐந்தாம் அறையில் புதிதாக ஒருவர். கணையத்தில் புற்றுநோய், கல்லீரல் முழுக்கப் பரவியிருக்கிறது. போன மாதமே மருந்தை நிறுத்திவிட்டோம். இப்போது இந்த வைரஸ். முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். சிஸ்டர்கள் எல்லோரும் 'லிஃப்ட்காரர்' என்றே கூப்பிடுகிறார்கள்.

"உங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் மூணாவது மாடியில ஒரு குலுக்கு குலுக்குது. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். பயமா இருக்கு."

"பயப்படாதீங்க. குலுக்கற லிஃப்ட் விழாது. சத்தமே போடாம போகுது பாருங்க, அதைத்தான் நான் நம்ப மாட்டேன்."

பிறகு அவரே பேச்சை எடுத்தார். தொண்டையில் குழாய், மெஷின், அதெல்லாம் தனக்கு வேண்டாம். மகளிடம் சொல்லியாயிற்று. மூச்சு முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாள், அழாமல். இருபது நிமிஷம் பேசினோம். எழுதி வைத்தேன்.

ஜனவரி 12, திங்கள்

எட்டில் ஏழு அறைகள் நிறைந்துவிட்டன. இரண்டு சிஸ்டர்களுக்குக் காய்ச்சல்.

ஜனவரி 13, செவ்வாய்

கணக்கு டீச்சர் வந்து சேர்ந்திருக்கிறார். கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக என் நோயாளி.

ஐம்பத்து மூன்று வயது. நுரையீரலில் தொடங்கி முதுகெலும்புக்குப் பரவியது. ஆனால் தினம் ஒரு மாத்திரையில் இருபத்திரண்டு மாதமாக அடங்கிக் கிடக்கிறது. வாரத்துக்கு நான்கு நாள் பள்ளிக்கூடம் போகிறார். ஸ்கேன் பார்க்க வரும்போதெல்லாம் விடைத்தாள் கட்டோடு வருவார். என் அறை வாசலில் உட்கார்ந்து திருத்துவார். ஒரு தடவை உள்ளே வந்து, "உங்க வரிசையில ஏழாவது ஆளா இருந்தேன் டாக்டர், இருபத்தாறு தாள் முடிச்சிட்டேன். அப்ப ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கறீங்கன்னு பார்த்துக்கோங்க" என்றார்.

இன்று அந்தப் பேச்சு இல்லை. நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை. மாத்திரையால் வந்த வீக்கமோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். இல்லை, வைரஸ்தான். மாத்திரையை நிறுத்தி, வைரஸ் மருந்தும் ஆக்ஸிஜனும் தொடங்கினேன்.

கணவர் தபால்காரர். சீருடையோடு அப்படியே வந்திருக்கிறார். "நேத்து வரைக்கும் பாடம் நடத்தினா டாக்டர்" என்று மூன்று முறை சொன்னார்.

ஜனவரி 14, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு டீச்சரின் ஆக்ஸிஜனை முழு அளவுக்குக் கூட்டியாயிற்று. அப்படியும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு தொண்ணூறைத் தாண்டவில்லை. நெட்டைக்குப் போன் போட்டேன். என்னோடு படித்தவன், ஐ.சி.யூ. பொறுப்பு அவனிடம். வாசலில் குனிந்து நுழைகிற ஆள். சுற்றறிக்கையைக் காட்டி மறுப்பான், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன்.

"சுற்றறிக்கையை விடு, அதை நான் சமாளிச்சுக்கறேன். ஆனா நீயே வேண்டாம்னு எழுதியிருக்கியே" என்றான்.

"நான் என்ன எழுதினேன்?"

படித்துக் காட்டினான். 'செப்டம்பர் 17. வென்டிலேட்டர் வேண்டாம். நோயாளியிடம் பேசப்பட்டது.' கீழே என் பெயர்.

பேசப்பட்டதா? எப்போது பேசினேன்?

உட்கார்ந்து யோசித்தேன். நினைவு வந்தது - வராமலே இருந்திருக்கலாம். செப்டம்பரில் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. அன்று நாற்பது பேர். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "ரொம்பக் கஷ்டப்படுத்தற வைத்தியமெல்லாம் வேண்டாம்தானே டீச்சர்?" அவர் சிரித்தார். "யாருக்குத்தான் வேணும்?" என்றார். நான் கட்டத்தை நிரப்பினேன்.

அவ்வளவுதான். அதுதான் 'பேசப்பட்டது'.

நெட்டையிடம் சொன்னேன். "அப்ப இப்பவே போய்க் கேளு" என்றான்.

போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்போதுதான் கண் அசந்திருந்தார். தபால்காரர் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். தூங்குகிறவரை எழுப்ப மனசு வரவில்லை, காலையில் கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மனசு வரவில்லையாம். தைரியம் வரலைன்னு எழுதுடி.

ஜனவரி 15, வியாழன்

காலை எட்டு மணிக்குப் போனேன். டீச்சர் விழித்திருந்தார். மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு. சுற்றி வளைக்காமல் சொன்னேன்: உங்களுக்கு மெஷின் வேண்டாம் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன், உங்களைச் சரியாகக் கேட்காமலே.

"நான் எப்ப... சொன்னேன்?"

"நீங்க சொல்லலை டீச்சர். நான் கேட்ட லட்சணம் அப்படி. கேட்கவே இல்லைன்னு வெச்சுக்கலாம்."

தபால்காரர் எழுந்து நின்றார். "அதனாலதான் ராத்திரி முழுக்க இவ இங்கேயே கிடந்தாளா?"

"ஆமா."

"உங்களுக்கு எப்ப தெரியும் இது?"

"நேத்து சாயங்காலம்."

"சாயங்காலமேவா? அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினீங்களா?"

சாப்பிட்டேன். தூங்கவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

டீச்சர் கையை உயர்த்தினார், வகுப்பில் சத்தத்தை அடக்குகிற மாதிரி. "அவரை விடுங்க. எனக்கு ஒண்ணு... சொல்லுங்க. இப்ப என்னைக் கொல்றது... கேன்சரா, இந்தக் கிருமியா?"

"கிருமி."

"கேன்சர்... எப்படி இருக்கு?"

"டிசம்பர் ஸ்கேன்ல அடங்கித்தான் இருக்கு."

"அப்ப ரெண்டையும்... ஏன் கூட்டறீங்க?"

இத்தனை வருஷப் படிப்பில் இந்தக் கேள்வியை யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. ஒளிக்காமல் சொன்னேன்: குழாய் போட்டால் பிழைக்க மூன்றில் ஒரு வாய்ப்பு, பிழைத்தாலும் நடக்கவே வாரக்கணக்கில் ஆகும். மெஷினிலேயே முடிந்துபோகவும் கூடும், அப்போது பேச முடியாது.

"மூணுல ஒண்ணு. பரவாயில்லை... அதைவிட மோசமான பின்னமெல்லாம்... பார்த்திருக்கேன்." கண்ணை மூடித் திறந்தார். "போடுங்க. அஞ்சு நாள் பாருங்க. தேறலைன்னா... இழுத்துப் பிடிக்காதீங்க." பிறகு கணவரைப் பார்த்து, "நீங்களும்தான்" என்றார்.

நடைபாதையில் சீஃபிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. "ஒருத்தருக்குக் குடுத்தா எட்டு அறையும் கேட்கும்மா."

"கேட்கட்டும் சார். ஒவ்வொருத்தரா பார்ப்போம். எட்டு பேருக்கும் ஒரே உடம்பா?"

"படுக்கை பதினாலுதான்."

"தெரியும் சார்."

அவர் சொல்வது பொய்யில்லை. அதுதான் கஷ்டம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "தப்புன்னு தெரிஞ்சதைத் திருத்தி எழுது முதல்ல" என்றார்.

பதினொன்றரைக்கு டீச்சரைக் கீழே கொண்டுபோனார்கள். ஒரு மணிக்குக் குழாய் போட்டாயிற்று.

ஜனவரி 16, வெள்ளி

மெஷின் கொடுக்கும் ஆக்ஸிஜன் எண்பது சதவீதம். இது குறையக் குறைய நுரையீரல் தேறுகிறது என்று அர்த்தம். குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். நெட்டை காலையிலும் மாலையிலும் போன் பண்ணுகிறான். நான் கேட்காமலே.

தபால்காரர் ஐ.சி.யூ. வாசல் நாற்காலியில் இருக்கிறார். நான் போனால் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கிறார்.

ஜனவரி 18, ஞாயிறு

லிஃப்ட்காரர் காலை பதினோரு மணிக்குப் போய்விட்டார்.

நேற்றிலிருந்தே மூச்சு வேகம். மார்ஃபின் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். முகம் தளர்ந்தது, நெற்றிச் சுருக்கம் போனது. மகளுக்கு அங்கி மாட்டிவிட்டு உள்ளேயே இருக்கச் சொன்னேன். கையுறையைக் கழற்றிவிட்டு அப்பா கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சட்டப்படி கூடாது. பிடித்துக்கொள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவு என்றேன்.

நேற்று மாலைதான் அவர் கடைசியாகப் பேசியது: "எல்லாம் சரியாத்தான் போயிட்டு இருக்கு, இல்லை?" ஆமாம் என்றேன். நிஜமாகவே ஆமாம்தான்.

அதே வைரஸ், அதே மாடி. ஒருவரைக் கீழே அனுப்பினேன், ஒருவரை இங்கேயே வைத்துக்கொண்டேன். இரண்டும் சரியென்றே தோன்றுகிறது. அப்படியானால் சரி எதில் இருக்கிறது? இருவரும் சொன்னதைச் செய்தோம் என்பதிலா? வேறொன்றும் புலப்படவில்லை.

ஜனவரி 19, திங்கள்

எமர்ஜென்சியில் ஒரு லாரி டிரைவர். நாற்பத்தோரு வயது, வேறு நோய் ஒன்றும் கிடையாது, இதே வைரஸ். ஐ.சி.யூ.வில் படுக்கை இல்லை. பதினான்கில் ஒன்றில் டீச்சர். சீஃப் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

டிரைவரை ஆம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாற்பது நிமிஷப் பாதை. மதியம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நான்கு மணிக்கு எமர்ஜென்சிக்குப் போன் பண்ணி, அந்த டிரைவர் என்ன ஆனார் என்று கேட்டேன்.

"அவர் போய்ச் சேர்ந்துட்டார் மேடம்" என்றது ஒரு பெண் குரல்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். "போய்ச் சேர்ந்துட்டாரா? எப்போ?"

"ரெண்டரைக்கு மேடம்... ஐயையோ! ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டார் மேடம்! நல்லா இருக்கார்! படுக்கை கிடைச்சிடுச்சு!"

சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு பார்த்தால் அது சிரிப்பே இல்லை. பெரிய சிஸ்டர் வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

ஜனவரி 20, செவ்வாய்

ஐந்தாம் நாள்.

எண்பது சதவீதம் அறுபத்தைந்துக்கு இறங்கியிருக்கிறது. இதைத் தேறினது என்பதா, தேறவில்லை என்பதா? டீச்சர் விழித்திருந்தால் கேட்கலாம். பத்தடி தள்ளித்தான் இருக்கிறார், கேட்க முடியாது.

நெட்டை, நான், தபால்காரர், மூவரும் நின்றோம். நெட்டை சொன்னான்: "பாதை சரியான பக்கம் திரும்பியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் கேட்பேன். ஆனா அவங்க அஞ்சுன்னாங்க. முடிவு உங்களுது சார்."

தபால்காரர் என்னைப் பார்க்காமல் நெட்டையிடம் சொன்னார்: "இறங்கிக்கிட்டே வரும்போது நிறுத்தினா அவ என்னைத் திட்டுவா. ஏறினா அன்னிக்கே நிறுத்திடுங்க. அதுதான் அவ சொன்னது. நான் அப்படித்தான் புரிஞ்சுக்கறேன்."

எனக்கும் அப்படித்தான் புரிந்தது. ஆனால் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஜனவரி 22, வியாழன்

நாற்பத்தைந்து.

ஜனவரி 24, சனி

குழாயை எடுத்துவிட்டார்கள்! நெட்டை கூப்பிட்டு, "வா, வந்து பாரு" என்றான். படியில் இறங்கி ஓடினேன், இந்த வயதில்.

கரகரத்த குரல். என்னைக் கண்டதும், "எத்தனை நாள்?" என்றார்.

"ஒன்பது டீச்சர்."

"அஞ்சுன்னு... சொன்னேனே."

"இறங்கிக்கிட்டே வந்தது. உங்க வீட்டுக்காரர்தான் தொடரச் சொன்னார்."

யோசித்தார். "சரியான விடைதான்" என்றார். தபால்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பிப்ரவரி 5, வியாழன்

வார்டுக்கு வந்துவிட்டார். கரண்டியைப் பிடிக்கக் கை நடுங்குகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இரண்டு பேர் பிடித்தால்தான் முடிகிறது. மாத்திரையை மறுபடி தொடங்கினேன்.

தபால்காரர் என் மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்கு பக்கம், கையால், அழகான எழுத்து. ஒரு வார்த்தை மிகை கிடையாது. 'சாயங்காலம் ஆறு மணிக்குத் தெரிந்தும் காலை எட்டு மணி வரை சொல்லவில்லை.' கூட்டிப் பார்த்திருக்கிறார் - பதினான்கு மணி நேரம்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். "புகார் சரிதானே?" என்றார். சரிதான் என்றேன். "அப்ப அதையே எழுதிக் குடு." பிறகு காபி போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 14, சனி

பத்து நாளாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். செப்டம்பரிலிருந்து அந்தக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று நான் நிரப்பியவர்கள் யார் யார் என்று எடுத்தேன். அறுபத்தொரு பேர். உயிரோடு இருப்பவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். முப்பத்தைந்து பேர் அதே பதிலைத்தான் சொன்னார்கள். ஒன்பது பேர் இல்லை, மெஷின் வேண்டும் என்றார்கள். ஒரு பாட்டுக்காரர் கோபப்பட்டார்: "தொண்டையில குழாயா? அதையும் முயற்சி பண்ணுங்க. நான் என்ன இப்பவே கிளம்பறேன்னா சொன்னேன்?"

பதினேழு பேரைக் கேட்க முடியாது. இப்போது உயிரோடு இல்லை. பெரும்பாலோர் நோய் முற்றித்தான் போனார்கள். எந்த மெஷினும் ஒன்றும் செய்திருக்காது. இரண்டு பேர் அப்படியில்லை. இரண்டு பேருக்கும் நிமோனியா. இரண்டு பேரும் வார்டிலேயே.

அவங்ககிட்ட நான் என்ன கேட்டேன்? எப்படிக் கேட்டேன்? ஞாபகமே இல்லையே. ஒருத்தர் முகம்கூட சரியா வரலையே.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. படுத்தே கிடந்தேன்.

மார்ச் 12, வியாழன்

விசாரணை. ஒரு மணி நேரம். 'புகாரில் உள்ளது முழுதும் உண்மை' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு பேரைப் பற்றியும் நானே சொன்னேன். சீஃப் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இருவரின் குடும்பங்களுக்கும் ஆஸ்பத்திரி கடிதம் அனுப்பும். அவர்கள் வந்தால் நான்தான் பேச வேண்டும். பேசுவேன்.

எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. சுற்றறிக்கையில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். இனி ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து இரண்டு டாக்டர்கள் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்பாமலும் அடுத்த பக்கம் போகலாம்.

மார்ச் 25, புதன்

டீச்சர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார் - பக்கத்து அறைக்கு. தபால்காரர் டாக்டரை மாற்றிக் கேட்டிருக்கிறார். மாற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான். வலித்தது. வலிக்கட்டும்.

ஏப்ரல் 9, வியாழன்

இறந்துபோன இருவரில் ஒருவருடைய அண்ணன் வந்தார். எல்லாம் சொன்னேன். "கேட்டிருந்தாலும் அவன் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பான்" என்றார் கடைசியில். வாசல் வரை போய்த் திரும்பினார். "ஆனா கேட்டிருக்கலாம்" என்றார்.

இன்னொரு குடும்பத்திடமிருந்து பதில் இல்லை.

மே 19, செவ்வாய்

கடைசி நோயாளி போனபின் கதவு தட்டப்பட்டது. தபால்காரர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஸ்கேன் பார்த்தோம். ஈரல்ல வந்திருக்காம். மாத்திரை இனிமே கேட்காதாம்."

"பக்கத்து ரூம்ல சொன்னாங்க. பார்த்தேன்."

"மேற்கொண்டு என்ன வேணும், என்ன வேண்டாம்னு பேசணுமாம். அந்த டாக்டர் நல்ல மனுஷன்தான். ஆனா இவ உங்ககிட்டதான் பேசுவேங்கறா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்." என்னைப் பார்க்காமல் சொன்னார்: "'ஒரு தடவை தப்பு பண்ணினவங்க அந்தக் கணக்கை மறுபடி தப்பா போட மாட்டாங்க'ங்கறா."

அழைத்து வரச் சொன்னேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

ஒன்றே கால் மணி நேரம் பேசினோம். டீச்சர் இளைத்துவிட்டார், பேச்சு இளைக்கவில்லை. ஆஸ்பத்திரி வேண்டாம், வீடு போதும். வலி வந்தால் காத்திருக்க வைக்கக் கூடாது. நினைவு தப்பும்வரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சனிக்கிழமை கணக்குப் படிக்க வருவார்கள், அதை யாரும் நிறுத்தக் கூடாது. தபால்காரர் குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில், "அப்ப நான் என்ன செய்யணும்?" என்றார். "பக்கத்துல இருங்க. அதுக்குப் பாடத்திட்டம் கிடையாது" என்றார் டீச்சர்.

கிளம்பும்போது தபால்காரர் வாசலில் நின்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"மூச்சு வாங்கினா முதல்ல யாரைக் கூப்பிடணும்?"

"என்னை."

"எந்த நேரமா இருந்தாலுமா?"

"எந்த நேரமா இருந்தாலும்."

எண்ணைச் சொன்னேன். ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். மேஜைமேல் இருந்த என் போன் அடித்தது. அது அடித்து ஓயும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரி, வந்துடுச்சு" என்றார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, டீச்சரின் கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் மெதுவாக நடத்திக் கூட்டிப்போனார்.